அத்தியாயம் 9: என் கடைசிக்கால மருத்துவம் – எழுதி வைப்பது எப்படி?

இந்த அத்தியாயத்தில் சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்து முடித்தால் உங்கள் கையில் இரண்டு, மூன்று பக்கத் தாள் ஒன்று இருக்கும். நோய் இனிக் குணமாகாது, உங்களாலும் பேச முடியாது என்ற நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், உங்கள் சார்பில் யார் பேசுவார் என்பதை அந்தத் தாள் சொல்லும். பேச்சுவழக்கில் இதை லிவிங் வில் என்கிறோம். நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் ‘அட்வான்ஸ் மெடிக்கல் டைரக்டிவ்’ என்பார்கள். இந்த நூலில் ‘விருப்பப் பத்திரம்’ என்றே குறிப்பிடுகிறேன்.

பேனாவை எடுப்பதற்கு முன் ஒன்றை மனதில் நிறுத்துங்கள். இந்தத் தாளை முதலில் வாசிக்கப்போகிறவர் உங்கள் பிள்ளை இல்லை. உங்களை முன்பின் பார்த்திராத ஒரு டூட்டி டாக்டர். அது ராத்திரி இரண்டு மணியாக இருக்கலாம், அவருக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு நோயாளிகள் காத்திருக்கலாம். ‘நிம்மதியாகப் போய்ச் சேரணும்’, ‘யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது’ என்று நீங்கள் எழுதியிருந்தால் உங்கள் மனசு அவருக்குப் புரியும். ஆனால் கையில் இருக்கும் குழாயைப் போடுவதா வேண்டாமா என்பது புரியாது. எந்த நிலைமையில், எந்தச் சிகிச்சை, எத்தனை நாள், யாரைக் கேட்பது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தாள்தான் ஆஸ்பத்திரியில் செல்லும்.

## சட்டம்: தெரிந்திருக்க வேண்டிய அளவு

காமன் காஸ் என்ற அமைப்பு 2005-ல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும், அதற்காக முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. அப்போது விதித்த நடைமுறையில் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவைப்பட்டது. அதனாலேயே பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்று போதும். 2023-க்கு முந்தைய புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அலையாதீர்கள்.

இந்தப் பத்திரத்துக்கு எல்லைகள் உண்டு. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் எந்த டாக்டரும் செய்யக் கூடாது. பலன் தராத, உயிரை இழுத்துப் பிடிக்க மட்டுமே பயன்படும் சிகிச்சையைத் தொடங்காமல் விடவும் தொடங்கியதை நிறுத்தவும் மட்டுமே இந்தப் பத்திரம் வழிசெய்கிறது. உங்களுக்கு நினைவும் முடிவெடுக்கும் திறனும் இருக்கும்வரை பத்திரத்துக்கு வேலை இல்லை. டாக்டர் உங்களையேதான் கேட்க வேண்டும். மீள வாய்ப்புள்ள நிலைமைக்கும் இது பொருந்தாது. சாலை விபத்து, பாம்புக்கடி, நன்றாக இருந்தவருக்கு வந்த நிமோனியா என்று போனால் முழு சிகிச்சையும் கிடைக்கும். ‘இதில் கையெழுத்துப் போட்டால் காய்ச்சலுக்குக்கூடப் பார்க்க மாட்டார்கள்’ என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும் முன்கூட்டியே விருப்பம் எழுதிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அது மனநலச் சிகிச்சைக்கு மட்டுமானது. இணையத்தில் தேடும்போது அந்தப் படிவம் கையில் கிடைத்தால் ஒதுக்கிவையுங்கள்.

## படி 1: உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை உட்காருங்கள்

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, இதற்கென்றே போங்கள். சர்க்கரை மாத்திரை எழுதும்போது போகிறபோக்கில் கேட்கிற விஷயம் இல்லை இது. கேட்க வேண்டியவை:

1. எனக்கு இருக்கும் நோய்கள் முற்றினால் எப்படிப் போகும்? சிறுநீரகம் பழுதானவருக்கு டயாலிசிஸ் பற்றிய கேள்வி வரும்; நுரையீரல் நோயாளிக்கு வென்டிலேட்டர் பற்றிய கேள்வி வரும். உங்களுக்கு வரப்போகிற கேள்வி எது என்று தெரிந்தால்தான் பதில் எழுத முடியும்.
2. அந்த நிலைமையில் என்னென்ன கருவி வைப்பீர்கள்? வைத்தால் என்ன கிடைக்கும்?
3. நான் இப்படி ஒரு பத்திரம் எழுதினால் என் ஃபைலில் ஒரு பிரதி வைத்துக்கொள்வீர்களா?

நோய் எதுவும் இல்லாதவரும் எழுதலாம். 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும்.

## படி 2: உங்களுக்காகப் பேசப்போகிறவரைத் தேர்ந்தெடுங்கள்

பத்திரத்தில் காப்பாளர் அல்லது நெருங்கிய உறவினர் ஒருவரின் பெயரையாவது குறிப்பிட வேண்டும். 2023-க்குப் பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும் தரலாம். மூத்த மகன் என்பதற்காக அவர் பெயரைப் போடாதீர்கள். உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும் பிள்ளை, அந்த நேரத்தில் ‘எல்லாத்தையும் பண்ணுங்க டாக்டர், செலவு பரவாயில்லை’ என்று அழக்கூடியவராக இருக்கலாம். அது பாசம்தான். ஆனால் உங்கள் விருப்பத்தைத் தன் விருப்பத்துக்கு முன்னால் வைத்துப் பேசத் தெரிந்தவர்தான் இந்த இடத்துக்கு வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குச் சில மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவராக இருப்பது நல்லது. டாக்டரிடம் தைரியமாகக் கேள்வி கேட்பவராகவும், உறவினர் நான்கு பேர் சத்தம் போட்டால் பின்வாங்காதவராகவும் இருக்க வேண்டும். பல வீடுகளில் இந்தக் குணம் மருமகளிடமோ தங்கையிடமோ இருக்கிறது. அவர்கள் பெயரைப் போடத் தயங்காதீர்கள்.

இரண்டு பேரை நியமித்தால், ‘முதலில் இவர், இவர் கிடைக்காவிட்டால் அவர்’ என்று வரிசை எழுதுங்கள். இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுக்கட்டும் என்று எழுதிவிட்டால் இருவரும் முரண்படும்போது ஆஸ்பத்திரி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

உறவு யாரும் இல்லாதவர்கள், நம்பிக்கைக்குரிய நண்பரைக் ‘காப்பாளர்’ என்று தெளிவாகக் குறிப்பிடலாம். ஆனால் அந்த வாசகத்தை மட்டும் வக்கீல் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

## படி 3: வீட்டில் பேசுங்கள்

பத்திரத்தை எழுதி முடித்துவிட்டுப் பேசலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய தவறு. முதலில் பேச்சு, பிறகு எழுத்து. கூடத்தில் எல்லோரையும் கூட்டி அறிவிப்பதைவிட, நீங்கள் நியமிக்கப்போகிறவரிடம் தனியாகத் தொடங்குவது எளிது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஏம்மா, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு? நல்லாத்தானே இருக்கீங்க?”

“நல்லா இருக்கறப்பதான்டா சொல்ல முடியும். பெரியப்பா கடைசில எப்படிக் கிடந்தாருன்னு பாத்தல்ல? அவருக்கு அந்தக் குழாயெல்லாம் வேணுமா வேணாமான்னு நம்மள்ல ஒருத்தருக்கும் தெரியல. உன்னை அந்த மாதிரி நிக்க வைக்க எனக்கு இஷ்டம் இல்ல.”

“அபசகுனமா பேசாதீங்கம்மா.”

“சரி, இன்னிக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை காப்பி குடிச்சிட்டு உக்காரலாம். ஆனா உக்காரணும்.”

முதல் தடவை மறுத்தால் விட்டுவிடுங்கள்; நாள் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே நடந்த ஒரு சாவிலிருந்து தொடங்கினால் பிள்ளைகளுக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் விமானம் பிடித்து வந்து இறங்குகிறவருக்குத்தான் ‘நான் கூட இல்லையே’ என்ற குற்ற உணர்வு அதிகம். ஐசியு வாசலில் முடிவை மாற்றச் சொல்லிச் சண்டை போடுகிறவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். உங்கள் வாயாலேயே அவர் ஒருமுறை கேட்டிருந்தால் அந்தச் சண்டை பாதியாகக் குறையும்.

## படி 4: எழுதுங்கள்

வெள்ளைத்தாள் போதும். முத்திரைத்தாள் வேண்டும் என்று தீர்ப்பு சொல்லவில்லை. தமிழில் எழுதலாம். பக்கத்திலேயே ஆங்கில வடிவமும் இருக்கட்டும். டூட்டி டாக்டர் வேறு மாநிலத்துக்காரராக இருக்கலாம். தலைப்பில் ‘அட்வான்ஸ் மெடிக்கல் டைரக்டிவ்’ என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

### பகுதி அ: நீங்கள் யார்

பெயர், வயது, முகவரி, அடையாள அட்டை எண், இப்போதுள்ள நோய்கள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் பெயர். பிறகு கட்டாயம் வேண்டிய வாசகங்கள். இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

*‘நான் தெளிந்த மனநிலையில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பப்படி இதை எழுதுகிறேன். இதன் விளைவுகளை முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். இதை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு உரிமை உண்டு என்பதை அறிவேன்.’*

### பகுதி ஆ: எந்த நிலைமையில்

பத்திரம் எப்போது செயலுக்கு வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வாசகம் குழப்பமாக இருந்தால் மருத்துவக் குழு அதைச் செயல்படுத்தாமல் விட்டுவிடலாம். இந்த மூன்று நிலைமைகள் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்:

1. குணமாகாத நோயின் இறுதிக்கட்டத்தில் இருக்கிறேன். சிகிச்சை சாவைத் தள்ளிப்போடுமே தவிர நோயைத் தீர்க்காது.
2. மூளை கடுமையாகச் சேதமடைந்து நினைவிழந்திருக்கிறேன். நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.
3. மறதி நோய் முற்றி, வீட்டாரை அடையாளம் தெரியாமல், விழுங்கவும் முடியாமல் படுக்கையில் இருக்கிறேன்.

### பகுதி இ: எந்தச் சிகிச்சை

ஒவ்வொன்றுக்கும் நேராக ‘வேண்டும்’, ‘கெடு வைத்து வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். மொத்தமாக ‘கருவிகள் வேண்டாம்’ என்று எழுதினால் போதாது. ஒவ்வொன்றும் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

சிபிஆர். இதயம் நின்றதும் நெஞ்சை வேகமாக, ஆழமாக அழுத்தி மீட்கப் பார்ப்பது. திடீர் மாரடைப்பு வந்தவருக்கு உயிர் தரும் முயற்சி. நோய் முற்றிய முதியவருக்குப் பலன் மிகக் குறைவு. அழுத்தத்தில் விலா எலும்பு முறிவது சாதாரணம். இதுபற்றி எதுவும் எழுதாவிட்டால் ஆஸ்பத்திரி சிபிஆர் செய்யவே பார்க்கும்.

வென்டிலேட்டர். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி, இயந்திரத்தால் மூச்சு கொடுப்பது. குழாய் இருக்கும்வரை பேச முடியாது. பெரும்பாலும் மயக்க மருந்திலேயே வைத்திருப்பார்கள். நாள் கூடினால் கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றுவார்கள். அதற்கு இன்னொரு கையெழுத்து கேட்பார்கள் என்பதால் ‘கழுத்தில் துளை’ என்பதற்கும் தனியாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.

டயாலிசிஸ். சிறுநீரகம் மட்டும் பழுதானவர் இதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் வாழலாம். எல்லா உறுப்பும் தளர்ந்த நிலையில் செய்வது வேறு விஷயம். இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

மூக்குக் குழாய் வழி உணவு. நம் வீடுகளில் எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. வென்டிலேட்டர் வேண்டாம் என்று துணிந்து சொல்கிற பிள்ளையால்கூட, ‘சாப்பாடு வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. ‘பட்டினி போட்டுட்டாங்க’ என்று ஊர் சொல்லுமே என்ற பயம் ஒரு பக்கம். பெற்றவளுக்குச் சோறு போடாமல் விடுவதா என்ற வேதனை இன்னொரு பக்கம். மருத்துவ உண்மை என்னவென்றால், மரணம் நெருங்கும்போது உடம்புக்குப் பசியும் தாகமும் தானாகவே குறைந்துவிடும். அப்போது வலிந்து செலுத்தும் உணவு நுரையீரலுக்குள் போகலாம், வயிறு உப்பலாம். முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. விரும்பும் அளவுக்குக் கையால் ஊட்டுவதையே மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். குழாயை இழுத்து எறியாமலிருக்க முதியவரின் கையைக் கட்டிலில் கட்டிவைப்பதும் நடக்கிறது. எனவே இந்த வரியை எழுதுவதானால் பிள்ளைகளின் மனச்சுமையை இறக்கும்படி எழுதுங்கள்:

*‘மேலே சொன்ன நிலைமைகளில் எனக்குக் குழாய் வழியாக உணவு வேண்டாம். நான் விரும்பி விழுங்கும் அளவுக்குக் கையால் ஊட்டினால் போதும். விழுங்க முடியாதபோது பஞ்சால் உதட்டையும் வாயையும் ஈரமாக வைத்திருங்கள். இது என் முடிவு. என் பிள்ளைகள் என்னைப் பட்டினி போட்டதாக யாரும் சொல்லக் கூடாது.’*

ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றுதல், மீண்டும் ஐசியு. வேதனையைக் குறைக்கும் என்றால் கொடுக்கலாம், நாளை நீட்டிக்க மட்டும் என்றால் வேண்டாம் என்று இவற்றுக்கு ஒரே வரியில் எழுதலாம்.

கெடு வைப்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ‘ஏழு நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பாருங்கள், முன்னேற்றம் இல்லை என்று டாக்டர் சொன்னால் எடுத்துவிடுங்கள்’ என்று எழுதலாம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல வழி. தொடங்கிய சிகிச்சையை நிறுத்துவது பாவம் என்று டாக்டர்களே சில சமயம் தயங்குவார்கள். தொடங்காமல் விடுவதையும் தொடங்கியதை நிறுத்துவதையும் தீர்ப்பு அனுமதித்திருக்கிறது.

### பகுதி ஈ: எனக்கு வேண்டியவை

எல்லோரும் ‘வேண்டாம்’ பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தாளை வாசிக்கும் டாக்டருக்கு, இவரை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்கள் போல என்று தோன்றிவிடும். வேண்டியதையும் அதே அளவுக்கு எழுதுங்கள்.

வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் தேவையான மருந்து, மார்ஃபின் உட்பட, குறைவில்லாமல் வேண்டும் என்பது முதல் வரியாக இருக்கட்டும். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் பரவலாக இருக்கிறது. தேர்ந்த மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் வேதனையைத் தணிக்குமே தவிர ஆயுளைக் குறைப்பதில்லை. உடம்பைச் சுத்தமாக வைப்பது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, ஐசியுவிலிருந்து குடும்பத்தார் கூட இருக்கக்கூடிய அறைக்கு மாற்றுவது ஆகியவற்றை அடுத்து எழுதுங்கள். நெற்றியில் திருநீறு, துளசி தீர்த்தம், பாதிரியாரின் ஜெபம், காதருகே கலிமா என்று உங்கள் வழக்கம் எதுவானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில்தான் உயிர் பிரிய வேண்டும் என்றால் அதையும் எழுதுங்கள்.

உறுப்பு தானம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க: மூளைச்சாவுக்குப் பிறகு உறுப்புகளை எடுக்கும்வரை வென்டிலேட்டர் தேவை. ‘வென்டிலேட்டர் கூடாது’ என்று மட்டும் எழுதியிருந்தால் இரண்டு விருப்பமும் மோதும். ‘உறுப்பு தானத்துக்காக மட்டும், தேவையான நேரம் வரை கருவிகளை வைக்கலாம்’ என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள்.

## படி 5: கையெழுத்து

1. இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களாக இருப்பது நல்லது. சொத்தில் பங்குள்ளவரும் நீங்கள் நியமித்த பிரதிநிதியும் சாட்சியாக வேண்டாம்.
2. நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சாட்சிகளோடு நேரில் போங்கள். அரசு டாக்டர், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போன்றவர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.
3. அசல் அடையாள அட்டை, அதன் நகல், புகைப்படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர் முன்னிலையில்தான் போட வேண்டும்.
4. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, பக்க எண், தேதி. அடித்தல் திருத்தல் இருந்தால் அதன் பக்கத்திலும் சுருக்கொப்பம்.
5. சாட்சிகளும் சான்றளிப்பவரும், நீங்களாகவே, வற்புறுத்தல் இல்லாமல், விஷயம் புரிந்து கையெழுத்திட்டதாகத் தங்களுக்குத் திருப்தி ஏற்பட்டதைப் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தால், அந்த வரியையும் எழுதித் தரும்படி கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். பத்திரம் முழுவதையும் அவருக்குப் படித்துக்காட்டியதாகச் சாட்சி ஒருவர் எழுதிக் கையெழுத்திடட்டும்.

குறிப்பு: கணவன், மனைவி இருவரும் எழுதுவதானால் தனித்தனிப் பத்திரம். ஒரே தாளில் ‘நாங்கள்’ என்று எழுதக் கூடாது.

## படி 6: பிரதிகள் போக வேண்டிய இடங்கள்

பீரோவில் நகைக்குக் கீழேயோ பேங்க் லாக்கரிலோ வைத்த விருப்பப் பத்திரம், எழுதாத பத்திரம்தான். சொத்து உயிலோடு ஒரே உறையில் வைப்பதும் அப்படியே. உயிலைப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகுதான் பிரிப்பார்கள். இது அதற்கு முன்பே வேண்டும்.

நியமித்த பிரதிநிதிக்கு ஒன்று, குடும்ப டாக்டருக்கு ஒன்று, மற்ற பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி தர வேண்டும்; இதைப் பாதுகாக்க அங்கே ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் ஏற்பாடு. மும்பை மாநகராட்சி அப்படி அதிகாரிகளை நியமித்திருக்கிறது. எல்லா ஊரிலும் அந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை. நீங்கள் போகும் அலுவலகத்தில் ‘இது என்ன, யார் வாங்குவது?’ என்று கேட்கலாம். வாக்குவாதம் வேண்டாம். ஆணையர் அல்லது செயல் அலுவலர் பெயருக்கு ஒரு கடிதம் எழுதி, 2023 ஜனவரி 24 தீர்ப்பைக் குறிப்பிட்டு, பத்திர நகலை இணைத்து, தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒப்புகையை உங்கள் பிரதியோடு பின் செய்துவையுங்கள். ஆஸ்பத்திரி, பத்திரம் உண்மையானதுதானா என்று சரிபார்க்கும்போது அது உதவும். டிஜிட்டல் மருத்துவப் பதிவு இருந்தால் அதிலும் சேர்க்கலாம்.

கடைசியாக, பர்ஸில் ஒரு சிறு அட்டை: ‘என் விருப்பப் பத்திரம் இருக்கிறது. தொடர்புக்கு...’ என்று பிரதிநிதியின் பெயரும் எண்ணும்.

## படி 7: அவ்வப்போது எடுத்துப் படியுங்கள்

புதிதாக ஒரு நோய் கண்டுபிடித்தால், பெரிய ஆபரேஷனுக்கு முன், துணைவர் இறந்தால், பிரதிநிதி ஊர் மாறினால் எடுத்துப் படித்துப் பாருங்கள். மனசு மாறியிருந்தால் புதிதாக எழுதி, அதே முறையில் சாட்சியோடு சான்று பெறுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரங்கள் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். இருந்தாலும் பழைய பிரதிகளைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். பழையது ஒருவர் கையிலும் புதியது இன்னொருவர் கையிலும் இருந்தால் குழப்பம்தான்.

## ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

உங்கள் பிரதிநிதி இதைப் படித்துவைத்திருப்பது அவசியம். பத்திரத்தைக் காட்டிய நிமிடமே குழாயை எடுத்துவிட மாட்டார்கள்.

1. சிகிச்சை தரும் டாக்டர், நோய் குணமாகாத நிலையில்தான் இருக்கிறதா, பத்திரம் உண்மையானதா என்று பார்ப்பார்.
2. அவரும், குறைந்தது ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல்நிலை மருத்துவக் குழு கூடும். 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்வது நல்லது என்கிறது தீர்ப்பு.
3. அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாம் நிலைக் குழு. இதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டர் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் இருப்பார்கள். இவர்களுக்கும் அதே 48 மணி நேரம்.
4. பத்திரத்தில் பெயருள்ளவரின் சம்மதம் பெற வேண்டும்.
5. முடிவைச் செயல்படுத்துமுன் ஆஸ்பத்திரி, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவிக்கும். அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

குழுக்கள் மறுத்தாலோ முரண்பட்டாலோ உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

‘இரண்டாவது குழு எங்களிடம் இல்லை, வேண்டுமானால் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று சில இடங்களில் சொல்லக்கூடும். அவசரப்பட்டு, மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்வதாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கையால் அமுக்கும் மூச்சுப்பையோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வலி மருந்துகூட இல்லாமல் ஒருவரை வீட்டுக்குக் கொண்டுபோவது அவருக்குச் செய்யும் கொடுமை. ‘குழு அமைக்க வேண்டும்’ என்று மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

## வீட்டிலேயே முடிய வேண்டும் என்பவர்களுக்கு

108-ஐ அழைத்தால் வருகிறவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் முயல்வார்கள். அதுதான் அவர்கள் வேலை. ஆகவே கடைசிக் கட்டத்தில் யாரை அழைப்பது என்பதை முன்பே முடிவுசெய்து எண்ணைச் சுவரில் ஒட்டிவையுங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து வலி தணிப்புச் சிகிச்சை தரும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். இறப்பை உறுதிசெய்து சான்று தர வீட்டுக்கு வரக்கூடிய டாக்டர் ஒருவரையும் முன்னதாகவே பேசிவையுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

## பாதுகாப்பு: இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்

யாரோ நிரப்பிக் கொண்டுவந்த தாளில் கையெழுத்திடாதீர்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம். சொத்தை எழுதிக் கொடுக்கும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம் என்று யாராவது அவசரப்படுத்தினால் அந்த நாளை மாற்றுங்கள். நோட்டரி முன் உட்காரும்போது பிள்ளைகள் வெளியே காத்திருக்கட்டும்.

கொடிய நோய் என்று தெரிந்த வாரத்திலோ, துணையை இழந்த துக்கத்திலோ எழுத வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணத்தில் இதைக் கையில் எடுத்திருந்தால் தாளை மூடிவைத்துவிட்டு முதலில் 104-ஐயோ டெலிமானஸ் எண் 14416-ஐயோ அழைத்துப் பேசுங்கள். அந்த வேதனைக்குச் சிகிச்சை உண்டு. இந்தப் பத்திரம் அதற்கானது இல்லை.

பத்திரம் இல்லாமல் ஒருவர் அந்த நிலைக்குப் போய்விட்டால்? அப்போதும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே இரண்டு குழு நடைமுறை உண்டு. என்ன வேறுபாடு என்றால், அப்போது முடிவை உங்கள் பிள்ளைகள் எடுக்க வேண்டும். அதை மிச்ச வாழ்நாள் முழுக்கச் சுமக்கவும் வேண்டும்.

எல்லாப் படிகளையும் ஒரே வாரத்தில் முடிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் படி 2-ஐ மட்டும் செய்துவிடுங்கள்: உங்களுக்காகப் பேசக்கூடியவர் யார் என்று ஒரு பெயரை எழுதி, அவருக்கு இன்றே போன் போடுங்கள்.